ஒன்றரை ஏக்கர் காய்கறித் தோட்டம்: இயற்கை வழிக்கு ஒரேயடியாக மாறுவதா, பகுதி பகுதியாக மாறுவதா?

தைப் பொங்கல் முடிந்த வாரத்தில் என் தங்கை மகன் வீட்டுக்கு வந்தான். திருப்பூரில் எட்டு ஆண்டுகள் பனியன் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருப்பவன். அப்பாவின் பங்காக அவனுக்குக் கிடைத்திருப்பது ஒன்றரை ஏக்கர் செம்மண், ஒரு கிணறு, இரண்டு மாடுகள். "மாமா, வர்ற சித்திரையோட உரம், மருந்து எல்லாத்தையும் நிறுத்திரலாம்னு இருக்கேன். நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டான். அரைமணி நேரப் பேச்சில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் அதற்கு இல்லை. அவனைப் போலவே ஒன்று, இரண்டு ஏக்கரை வைத்துக்கொண்டு இதே கேள்வியோடு இருப்பவர்கள் பலர் என்பதால், எனக்குத் தெரிந்ததைக் கணக்கோடு இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது திண்டுக்கல் மாவட்டத்தில், ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய் அனுப்பும் கிராமங்களில் ஒன்று. 2018 ஆடியில் நான் என் தோட்டம் முழுவதையும் ஒரே நேரத்தில் இயற்கை வழிக்கு மாற்றினேன். இரண்டு ஆண்டுகள் கழித்து, கடன் கழுத்தை நெருக்கியபோது பாதி நிலத்தைப் பழைய வழிக்கே திருப்பினேன். அதன் பிறகு பகுதி பகுதியாக மீண்டும் மாற்றிக்கொண்டு வந்தேன். இரண்டு பாதைகளிலும் நடந்து பார்த்தவன் என்ற தகுதியில்தான் இதைச் சொல்கிறேன்.

சிறு நிலக்காரர் முன்னால் உண்மையில் நான்கு வழிகள் இருக்கின்றன. உரத்தையும் மருந்தையும் விடாமல், ஆனால் அளவைக் குறைத்துக்கொண்டு தொடர்வது ஒன்று. ஒரு சித்திரையிலோ ஆடியிலோ எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முழுமையாக மாறுவது இரண்டாவது. ரசாயன மூட்டைகளுக்குப் பதிலாகக் கடையில் விற்கும் இயற்கை இடுபொருள்களை வாங்கிப் பயன்படுத்துவது மூன்றாவது. நிலத்தைப் பிரித்து, எரு எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவு பரப்பை மட்டும் மாற்றி, ஆண்டுதோறும் அதை விரிப்பது நான்காவது. நான் இன்று நிற்பது நான்காவதில். ஆனால் அதற்கும் சில குறைகள் உண்டு; அவற்றையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

முதலில் எருக் கணக்கு

இயற்கை வழி பற்றிய பேச்சு பெரும்பாலும் கரைசல்களில் தொடங்குகிறது. என் அனுபவத்தில் அது எருக்குழியில் தொடங்க வேண்டும். 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து (நைட்ரஜன்) 46 சதவீதம், அதாவது ஏறத்தாழ 20 கிலோ 700 கிராம். நன்றாக மக்கிய தொழுவுரத்தில் தழைச்சத்து அரை சதவீத அளவில்தான் இருக்கும். ஆகவே ஒரு மூட்டை யூரியாவில் உள்ள தழைச்சத்தைத் தொழுவுரத்தின் வழியாகக் கொடுக்க வேண்டுமானால் நான்கு டன்னுக்கு மேல் வேண்டும். அதுவும் அந்த நான்கு டன்னில் உள்ள சத்து முழுவதும் அந்தப் பருவத்துப் பயிருக்கே கிடைத்துவிடாது. மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே நல்லது, மீதி அடுத்தடுத்த பருவங்களில்தான் மெல்ல மெல்ல வெளியாகும். முதல் ஆண்டு விளைச்சல் ஏன் விழுகிறது, மூன்றாம் நான்காம் ஆண்டில் ஏன் எழுகிறது என்பதற்கான விளக்கத்தில் பாதி இந்த ஒரு கணக்கிலேயே இருக்கிறது.

காய்கறிப் பயிர்களுக்கு அடியுரமாக எக்டேருக்கு 25 டன் தொழுவுரம் இடச் சொல்வது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வழக்கமான பரிந்துரை. ஏக்கருக்கு 10 டன் என்று வைத்துக்கொண்டால் ஒன்றரை ஏக்கருக்கு 15 டன். ஒரு நாட்டு மாடு நாளொன்றுக்குப் போடும் சாணம் 10 கிலோ என்று கொண்டால், இரண்டு மாடுகளில் ஆண்டுக்கு ஏழு டன் சொச்சம் பச்சைச் சாணம் சேரும். அது மக்கி எருவாகும்போது பாதியாகச் சுருங்கிவிடும். கையில் இருப்பது மூன்றரை டன், வேண்டியது 15 டன். என் தங்கை மகனிடம் முதலில் காகிதத்தில் எழுதிக் காட்டியது இதைத்தான். அவன் வெகுநேரம் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்த இடத்தில்தான் ஜீவாமிர்தம் பற்றிய ஒரு தவறான புரிதலைக் களைய வேண்டியிருக்கிறது. 200 லிட்டர் தண்ணீரில் 10 கிலோ சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, வரப்பு மண் ஒரு கைப்பிடி என்று கலந்து இரண்டு நாள் வைத்து ஏக்கருக்கு விடுகிறோம். சுபாஷ் பாலேக்கர் பரப்பிய இந்தக் கரைசலை நானும் மாதம் இருமுறை விடுகிறேன், இனியும் விடுவேன். ஆனால் அந்தச் சாணத்திலும் கோமியத்திலும் மாவிலும் உள்ள தழைச்சத்தை எல்லாம் கூட்டிப் பார்த்தாலும் கால் கிலோவைத் தாண்டுவது கடினம். அது நுண்ணுயிர்களைப் பெருக்கி மண்ணில் விடும் உறைமோர். மண்ணில் மக்கக்கூடிய பொருள் இருந்தால்தான் அந்த நுண்ணுயிர்களுக்கு வேலை இருக்கும். உறைமோரை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு பாலில்லாமல் தயிர் எதிர்பார்க்க முடியாது. ஒரு மாட்டை வைத்து 30 ஏக்கர் செய்யலாம் என்று கேட்டுவிட்டு, எருவே இடாமல் கரைசலை மட்டும் நம்பி 2018-இல் நான் இறங்கினேன். அந்த ஐப்பசியில் என் வெண்டை இடுப்புயரம் வருவதற்குள் அடி இலைகள் வெளுத்து மஞ்சளாகிப் போயின. இடமே காட்டிக்கொடுத்தது: பழைய குப்பைமேடு இருந்த மூலையில் மட்டும் செடிகள் கருகருவென்று நின்றன.

பஞ்சகவ்யமும் இப்படித்தான். கொடுமுடி டாக்டர் நடராஜன் முறைப்படுத்திக் கொடுத்த அந்தக் கரைசலில் நெய், பால், தயிர், இளநீர், பூவன் பழம் எல்லாம் சேர்கின்றன. தயாராக ஒரு மாதம் ஆகிறது. நூறு லிட்டர் தண்ணீருக்கு மூன்று லிட்டர் கலந்து இலைவழியாகத் தெளித்தால் பூப்பிடிப்பும் காயின் பளபளப்பும் கண்ணுக்குத் தெரியும். அதை மண்ணுக்கான உணவாகக் கருதிக் கணக்குப் போடுவதுதான் பிழை.

எருப் பற்றாக்குறையை ஈடுகட்டும் வழிகள் நம் ஊர்களிலேயே இருக்கின்றன. சணப்பை என்ற பசுந்தாள் பயிரை ஏக்கருக்கு 10 முதல் 15 கிலோ விதைத்து, 45 நாளில் பூவெடுக்கும் நேரத்தில் மடக்கி உழுதால் ஐந்து ஆறு டன் பசுந்தழை மண்ணுக்குள் போகிறது. அதில் உள்ள தழைச்சத்து ஏறத்தாழ ஒரு மூட்டை யூரியாவுக்கு ஈடு. வேர்முடிச்சு நூற்புழுவையும் சணப்பை மட்டுப்படுத்துவதால் அடுத்துத் தக்காளி, கத்தரி வைப்பவர்களுக்கு இரட்டை நன்மை. கரூர் மாவட்டம் கடவூரில் வானகம் பண்ணையை உருவாக்கிய நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று வலியுறுத்திய பலதானிய விதைப்பும் இதே வேலையை இன்னும் அகலமாகச் செய்கிறது. தானியம், பயறு, எண்ணெய்வித்து, மணப்பயிர், பசுந்தாள் என்று ஐந்து வகையிலும் நான்கு நான்கு விதை கலந்து விதைத்து மடக்குவது அது. கோடையில் ஆட்டுக்கிடை போடுவது மற்றொரு வழி. கிடை போடும் ஆட்டுக்காரர்களான கீதாரிகளிடம் முன்கூட்டியே சொல்லி வைத்து, ஒவ்வோர் இரவும் பட்டியை நகர்த்தி நகர்த்திக் கட்டச் செய்தால், வண்டிக்கூலி இல்லாமல் புழுக்கையும் மூத்திரமும் நேராக நிலத்திலேயே விழுகின்றன. கிடை எடுத்த மறுநாளே ஓர் உழவு ஓட்டிவிட வேண்டும். வெயிலில் காயவிட்டால் தழைச்சத்து காற்றோடு போய்விடும். வேப்பம் புண்ணாக்கில் தழைச்சத்து ஐந்து சதவீதம், கடலைப் புண்ணாக்கில் ஏழு. ஆனால் இவற்றை மூட்டைக் கணக்கில் வாங்கத் தொடங்கினால் நாம் மூன்றாவது வழிக்குள் நுழைந்துவிடுகிறோம்.

கடையில் வாங்கும் இயற்கை

மூன்றாவது வழியைப் பற்றி நான் சுருக்கமாகவே சொல்வேன். மண்புழு உரம், புண்ணாக்கு, மீன் அமிலம், கடற்பாசிச் சாறு, புட்டியில் வரும் உயிரி மருந்து என்று எல்லாவற்றையும் பணம் கொடுத்து வாங்கிச் செய்யும் தோட்டம், ரசாயனத் தோட்டத்தைவிட அதிகமாகவே கடைக்குக் கடன்பட்டிருக்கும். யூரியாவுக்கு அரசு மானியம் இருப்பதால் 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறது. அதே தழைச்சத்தைப் புண்ணாக்காக வாங்கினால் பல மடங்கு ஆகும். நகரத்தில் வேறு வருமானம் உள்ளவர்களுக்கு இது ஒத்துவரலாம். தோட்டத்தை நம்பி அடுப்பெரிப்பவர்களுக்கு ஒத்துவராது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. 2019-இல் பக்கத்து ஊர்க் கடை ஒன்றில் வெள்ளை ஈக்கு என்று சொல்லி ஒரு புட்டி கொடுத்தார்கள். "முழுக்க மூலிகை" என்ற ஒட்டுச்சீட்டைத் தவிர அதில் வேறெந்த விவரமும் இல்லை. மாலையில் அடித்துவிட்டு மறுநாள் காலை போய்ப் பார்த்தேன். வெள்ளை ஈ மட்டுமல்ல, பொறிவண்டுகளும் பாத்தியில் மல்லாந்து கிடந்தன, ஒரு சிலந்திகூட உயிரோடு இல்லை. நான் பயன்படுத்திய எந்த மூலிகைக் கரைசலும் ஓர் இரவில் அப்படிச் செய்ததில்லை. அதில் என்ன கலந்திருந்தது என்பதற்கு என்னிடம் சான்று இல்லை. ஆனால் அன்றிலிருந்து மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவு எண் இல்லாத எந்தப் புட்டியையும் தோட்டத்துக்குள் விடுவதில்லை. உயிரி மருந்துகளுக்கும் அந்தப் பதிவு கட்டாயம் என்பது பலருக்குத் தெரியாது. டிரைக்கோடெர்மா விரிடி, சூடோமோனாஸ் போன்ற, நோயைத் தடுக்கும் நுண்ணுயிர்களை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நிலையங்களிலும் வேளாண் அறிவியல் நிலையங்களிலும் கேட்டு வாங்கலாம். ஏக்கருக்கு ஒரு கிலோவை மக்கிய எருவில் கலந்து, ஈரம் காயாமல் நிழலில் சில நாள் வைத்திருந்து இட்டால் வாடல் நோயும் வேரழுகலும் குறைகின்றன. வாங்குவதென்றால் இந்த அளவோடு நிறுத்திக்கொள்வது என் வழக்கம்.

பூச்சி எந்தப் பயிரைக் குறிவைக்கிறது என்பதே வரிசையைத் தீர்மானிக்கும்

ஒரேயடியாக மாறுவதில் உள்ள பெரிய கஷ்டம், எல்லாப் பயிரும் இயற்கை வழியை ஒரே மாதிரி தாங்குவதில்லை என்பது. கீரை, கொத்தவரை, தட்டைப்பயறு, சுரை, பீர்க்கு, முருங்கை ஆகியவை முதல் ஆண்டிலேயே பெரிய இழப்பின்றி வரும். பந்தல் காய்களைக் குத்திக் கெடுக்கும் பழ ஈக்குக் கவர்ச்சிப் பொறி வைத்தால் போதும். கத்தரி, வெண்டை, மிளகாய், சின்ன வெங்காயம் ஆகிய நான்கும் அப்படியல்ல. இவை நான்கும்தான் எங்கள் பகுதியில் காசு தரும் பயிர்கள் என்பது இதில் உள்ள சிக்கல்.

கத்தரியை எடுத்துக்கொள்வோம். குருத்துத் துளைப்பான் அந்துப்பூச்சி முட்டையிட்டு, பொரிக்கும் புழு முதலில் இளங்குருத்துக்குள் போகிறது, பிறகு காய்க்குள் போகிறது. காய்க்குள் போனதும் துளையைத் தன் கழிவாலேயே அடைத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு வெளியிலிருந்து அடிக்கும் ரசாயனமும் அதைத் தொடாது, வேப்பங்கொட்டைக் கரைசலும் தொடாது. அதனால்தான் கத்தரித் தோட்டங்களில் வாரம் தவறாமல் மருந்தடிக்கும் பழக்கம் வந்தது. இயற்கை வழியில் இதற்கு ஒரே உறுதியான மருந்து கையும் கண்ணும்தான். காலை வெயில் ஏறுவதற்கு முன் வரிசைக்குள் நடந்தால், எல்லாக் குருத்தும் நிமிர்ந்து நிற்க, இங்கொன்றும் அங்கொன்றும் மட்டும் தலை தொங்கியிருக்கும். தொங்கும் இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே கிள்ளி, தண்டை நகத்தால் பிளந்து பார்த்தால் வெளிறிய இளஞ்சிவப்பில் புழு சுருண்டு கிடக்கும். அந்தக் குருத்துகளை ஒரு வாளியில் சேர்த்து, தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் எரித்துவிட வேண்டும். வரப்பில் எறிந்தால் புழு வெளியேறிக் கூட்டுப்புழுவாகிவிடும். ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறி, மாதத்துக்கு ஒருமுறை குப்பி மாற்றம், நடவிலிருந்து காய்ப்பு முடியும்வரை வாரம் இருமுறை இந்தக் கிள்ளும் வேலை. பத்து இருபது சென்ட்டில் இதைச் செய்துவிடலாம். ஓர் ஏக்கர் கத்தரியில் இரண்டு பேரால் செய்ய முடியாது, என்னால் முடியவில்லை. 2018-இல் பறித்த கத்தரியில் பாதியை மாட்டுக்குத்தான் போட்டேன்.

வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல் வந்துவிட்டால் அதைக் குணமாக்க எந்த வழியிலும் மருந்தில்லை. அதைப் பரப்பும் வெள்ளை ஈயைத்தான் தடுக்க வேண்டும். ஓரத்தில் இரண்டு வரிசை மக்காச்சோளமோ சோளமோ, செடிக்கு மேலே சாண் உயரத்தில் மஞ்சள் ஒட்டும் பொறி, நோய் கண்ட செடியை இரக்கமில்லாமல் பிடுங்குவது ஆகிய மூன்றும் வேண்டும். நாட்டு விதையையே வைப்பேன் என்ற பிடிவாதத்தை வெண்டையில் மட்டும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குத் தள்ளிவைக்கலாம் என்பது என் கருத்து. தேமலைத் தாங்கும் ரகத்தை, மருந்து பூசாத விதையாகக் கேட்டு வாங்கி வைப்பதில் தவறில்லை. நாட்டு ரகங்களில் எது நம் மண்ணில் தாங்குகிறது என்பதை ஒரு பாத்தியில் பார்த்து, விதையெடுத்து, பிறகு பெருக்கிக்கொள்ளலாம்.

வேப்பங்கொட்டைக் கரைசலைப் பற்றியும் ஒரு சொல். ஐந்து கிலோ பருப்பை இடித்து, துணியில் கட்டி இரவெல்லாம் ஊறவைத்து, வடித்து, 200 மில்லி காதி சோப்புக் கரைசல் சேர்த்து 100 லிட்டர் ஆக்குவது முறை. இதன் வீரியம் வெயிலில் அழிந்துவிடும் என்பதால் மாலை நான்கரை மணிக்கு மேல்தான் அடிக்க வேண்டும். வடித்த அன்றே அடிக்கவும் வேண்டும். பூச்சி உடனே சாகாது, தின்பதை நிறுத்தும், முட்டையிடுவது குறையும். மருந்தடித்த மறுநாள் செத்த பூச்சியைத் தேடிப் பழகியவர்களுக்கு இந்தப் பொறுமை வருவதற்கே ஓர் ஆண்டு ஆகும்.

பொறுமைக்குப் பலன் உண்டு என்பதற்கு நம் கண்முன் நடந்த ஓர் எடுத்துக்காட்டைச் சொல்லலாம். 2008-இல் கோவையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, இரண்டே ஆண்டுகளில் தமிழ்நாட்டின் மேற்கு மாவட்டங்களில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் வெள்ளைப் போர்வை போலப் போர்த்தியது. விவசாயிகள் கைக்குக் கிடைத்த மருந்தையெல்லாம் அடித்தார்கள். மெழுகுப் பூச்சுக்குள் இருந்த அந்தப் பூச்சி அசையவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் பப்பாயே என்ற சிறிய ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து பெருக்கி விட்டார்கள். சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கிவிட்டது. மருந்தை நிறுத்திய தோட்டங்களில்தான் அந்தக் குளவி நன்றாகப் பெருகியது. என் தோட்டத்திலும் மூன்றாம் ஆண்டு முதல் அசுவினிப் பூச்சிக்காக நான் எதையும் அடிக்கவில்லை. பொறிவண்டின் புழுக்களே பார்த்துக்கொள்கின்றன. ஆனால் இந்தத் துணைவர்கள் நிலைபெறும் வரையிலான இரண்டு ஆண்டுகளைத் தாண்டுவதற்குக் கையில் வருமானம் இருக்க வேண்டும். பகுதி பகுதியாக மாறுவதை நான் சொல்வதன் முக்கியக் காரணமே இதுதான்.

ஒரேயடியாக மாறியவர்களும் மெல்ல மாறியவர்களும்

இலங்கையில் 2021 ஏப்ரலில் ரசாயன உர இறக்குமதிக்குத் தடை அறிவித்தார்கள். உழவர்களிடம் மாற்று எரு இல்லை, தயாரிக்கக் கால அவகாசமும் இல்லை. அவ்வாண்டு நவம்பரில் தடையை விலக்கிக்கொள்ள நேர்ந்தது. அதற்குள் நெல்லிலும் தேயிலையிலும் பெரும் அடி விழுந்திருந்தது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மட்டக்களப்புப் பக்கத்துத் தமிழ் உழவர்களும் அந்தப் பெரும்போகத்தில் (மழைக்கால நெல் பருவத்தில்) அந்த அடியைத் தாங்கியவர்களே. மறுபக்கம் சிக்கிம். 2003-இல் முடிவெடுத்து, உர மானியத்தைப் படிப்படியாகக் குறைத்து, எருக்குழிகளையும் பயிற்சியையும் முன்னே அனுப்பி, 2016 ஜனவரியில்தான் முழு இயற்கை வேளாண் மாநிலம் என்று அறிவித்தார்கள். முன்பே உரம் மிகக் குறைவாகப் பயன்பட்ட மலைநிலத்துக்கே 13 ஆண்டுகள் தேவைப்பட்டிருக்கின்றன. முப்பது நாற்பது ஆண்டுகளாக யூரியாவும் டிஏபியும் தின்று பழகிய நம் செம்மண் ஒரு சித்திரையில் மாறிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதற்குச் செய்யும் நியாயம் அல்ல.

அப்படியானால் முதல் வழியிலேயே, அதாவது உரத்தைக் குறைத்துக்கொண்டு, இருந்துவிடலாமே என்று கேட்கலாம். எரு கிடைக்காத ஊரில், வேலைக்கு ஆளில்லாத வீட்டில், மண் பரிசோதனை செய்து அளவாக உரமிட்டு, பொறி வைத்து, தேவைப்பட்டால் மட்டும் மருந்தடிப்பது மரியாதையான வழிதான். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்த வழியில் மருந்து டேங்கைச் சுமப்பது நம் முதுகு, அந்தக் காற்றை முகர்வது நம் வீட்டார், பறித்த காயை உண்பது நம் பிள்ளைகள். மிளகாய்க்கு மருந்தடித்துவிட்டு வந்த இரவுகளில் எனக்கு வரும் தலைவலியும் கண்ணெரிச்சலும்தான் 2018-இல் என்னை மாறவைத்தன. அந்தக் காரணம் இன்றைக்கும் எனக்குப் போதுமானது.

ஆள், விற்பனை, சான்று

களைக்கொல்லியை நிறுத்தினால் களை எடுப்பு கூடும். மூடாக்கு போட்டால் பாதி குறையும். சோளத்தட்டை, தென்னை மட்டை, கரும்புச் சோகை எது கிடைத்தாலும் போடலாம். மீதிக் களையை எடுப்பது யார் என்பதை மாறுவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டும். இயற்கை விவசாயத்தில் செலவில்லை என்று ஆண்கள் மேடையில் சொல்லும்போது, கூலி இல்லாமல் களைக்கொத்தோடு குனிந்திருந்த வீட்டுப் பெண்களின் நாட்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை. என் மனைவியின் வேலைநாட்களை நோட்டில் கூலியாக எழுதத் தொடங்கிய பிறகுதான் எந்தப் பயிர் உண்மையில் லாபம் தருகிறது என்பதே எனக்குத் தெரிந்தது.

மண்டியில் இயற்கைக் காய்க்குத் தனி விலை கிடையாது; அங்கே பார்ப்பது நிறமும் அளவும்தான். ஆகவே விலை வேண்டுமானால் உண்பவர்களிடம் நேராகப் போக வேண்டும். திண்டுக்கல்லில் இருபது குடும்பங்களுக்கு வாரம் ஒரு பை என்று தொடங்கினேன். அவர்கள் கேட்பது ஒரே காயில் ஐம்பது கிலோ அல்ல, பத்து வகைக் காயில் அரை அரைக் கிலோ. இதற்கு ஒரேயடியாக மாறிய பெரிய பரப்பு தேவையில்லை. பாத்தி பாத்தியாகப் பலவகை வைத்த ஐம்பது சென்ட் போதும். மீதி நிலத்துக் காய் முன்போலவே மண்டிக்குப் போகும். இரண்டையும் கலந்துவிடாமல் இருப்பது நம் நாணயம். இருபதில் ஒரு குடும்பம் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தாலும் இருபதும் போய்விடும்.

பகுதி பகுதியாக மாறுவதன் குறை இங்கேதான் தெரிகிறது. ஒரே பயிரை இரு பக்கமும் வைத்தால் சான்று தர வருபவர்களுக்குச் சந்தேகம் வரும். அது நியாயமான சந்தேகம். தெளிப்பான், கூடை, சாக்கு எல்லாம் தனித்தனியாக வைக்க வேண்டும். நம் ரசாயனப் பகுதியிலிருந்தே மருந்துச் சாரல் காற்றில் வரும். இடையில் அகத்தியோ சோளமோ வரிசையாக நின்றாக வேண்டும். பாசனத் தண்ணீரும் இயற்கைப் பகுதியிலிருந்து மற்றதற்குப் போக வேண்டுமே தவிர மறுபக்கமாக வரக் கூடாது. ஆகவே மேட்டுப் பகுதியை முதலில் மாற்றுவது நல்லது.

சான்று பற்றிச் சுருக்கமாக: 2001-இல் தொடங்கிய தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின்படி ஓராண்டுப் பயிர்களுக்கு விதைப்புக்கு முன் இரண்டு ஆண்டுகளும், மரப்பயிர்களுக்கு முதல் அறுவடைக்கு முன் மூன்று ஆண்டுகளும் மாற்றக் காலம். கோவையில் உள்ள தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறை வழியாக இதைப் பெறலாம். பிஜிஎஸ் எனப்படும் பங்கேற்பு உத்தரவாத முறையில் குறைந்தது ஐந்து உழவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் தோட்டத்தை மற்றவர் ஆய்வு செய்கிறார்கள். உள்ளூரில் விற்கும் சிறு நிலக்காரருக்கு இதுவே ஏற்றது. ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய்க்குள் விற்று, உண்பவரிடமே நேராகக் கொடுக்கும் சிறு உற்பத்தியாளருக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2017-ஆம் ஆண்டு விதிகளில் சான்றிலிருந்து விலக்கும் இருக்கிறது. முதல் இரண்டு ஆண்டுகளில் சான்றுக்காக ஓடாமல் எருக்குழிக்காக ஓடுவது நல்லது என்று தங்கை மகனிடம் சொன்னேன்.

மயிலைப் பற்றி அவன் கேட்டான். நடவு செய்த விதையைக் கிளறுவதிலும் பழுத்த தக்காளியைக் கொத்துவதிலும் மயிலுக்கு இரண்டு வழித் தோட்டமும் ஒன்றுதான். வலையும் காவலும் தவிர என்னிடம் பதில் இல்லை.

கடைசியில் அவன் எடுத்த முடிவு இது. மேட்டுப்பக்கம் ஐம்பது சென்ட்டை மட்டும் இந்த ஆண்டு மாற்றுகிறான். மூன்றரை டன் எருவும் அந்த ஐம்பது சென்ட்டுக்கே. அதாவது ஏக்கருக்கு ஏழு டன் கணக்கு. அந்த ஐம்பது சென்ட்டில் குறையும் ஒன்றரை டன்னைச் சணப்பை பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் பயிராகக் கொத்தவரை, தட்டைப்பயறு, கீரை, வரப்போரம் பீர்க்கம் பந்தல். கத்தரியைப் பத்து சென்ட்டில் மட்டும் வைத்து, குருத்துக் கிள்ளும் கையைப் பழக்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். கீழ் ஒரு ஏக்கரில் வழக்கம் போல வெங்காயமும் மிளகாயும். அங்கே யூரியாவை ஒரு மூட்டை குறைத்து, அடுத்த கோடையில் ஆட்டுக்கிடைக்கு இப்போதே ஆள் சொல்லி வைத்திருக்கிறான். கோடை மழையில் விதைத்த சணப்பை இப்போது இடுப்புக்கு மேல் நிற்கிறது. கீழ்க் கிளைகளில் மஞ்சள் மொட்டு வைத்துவிட்டது. இந்த வாரக் கடைசியில் டிராக்டர் சொல்லியிருக்கிறான். மடக்கி உழுத பிறகு குறைந்தது இரண்டு வாரம் நிலத்தை ஆறவிட்டு, தழை மக்கிய வாசனை அடங்கிய பின்புதான் விதை போட வேண்டும்.